சத்தம் கம்மியாக ஒரு குழல்

பாப்பா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. காலையில்தான் போனில் கேட்டேன், நீயும் "நல்லாத்தான்மா இருக்கேன்" என்றாய். எதைக் கேட்டாலும் உன்னிடமிருந்து அந்த ஒரு பதில்தான் வரும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் நான் ஆரம்பித்தால், ரெண்டு வார்த்தையில் என்னைச் சமாதானப்படுத்திவிட்டு இன்றைக்கு என்ன குழம்பு என்று பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது. கடைசி வரிவரைக்கும் என்னைப் பேசவிட்டுத்தான் ஆகவேண்டும். கவரை ஒட்டாமல் உன் அப்பா கையில் கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளை படிக்கட்டும், உன் மாமியாரும் படிக்கட்டும். சொல்லப்போனால் உன் மாமியார் பேசிய ஒரு பேச்சில்தான் இது தொடங்கியது.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு எழுந்திருக்கிறேன், மேலூரிலிருந்து உன் மாமியார் போன். அவர்கள் குரல் உனக்குத் தெரியும். ஸ்பீக்கர் போட வேண்டியதில்லை. "மதினி, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீகளே?" என்றார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, சம்பந்தி இப்படிக் கேட்டால் எந்தத் தாயும் என்னமோ ஏதோ என்றுதான் நினைப்பாள்.

"சொல்லுங்க மதினி."

"உங்க பிள்ளைக்கு நெஞ்சுச்சளி, வீசிங்கு, அந்த மாதிரி எதுவும் உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லையே. ஏன் மதினி?"

"இல்ல, சாயங்காலமானா மாடிக்குப் போயி அந்தக் குழலை வச்சு ஊதுது. நான் கீழ நின்னு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன், ஒண்ணும் விழுக மாட்டேங்குது. மேல ஏறிப் பக்கத்துல போனாத்தான் புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வருது, சைக்கிள் டியூப்பு பஞ்சரானாப்புல. எங்க வீட்ல அம்புட்டுப் பேரும் கத்திப் பேசுற ஆளுக. எங்க வீட்டுக்காரரு குடிக்கத் தண்ணி கேட்டா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு 'எங்க பிள்ளை இருக்கிற இடம் தெரியாது'ன்னு சொன்னீக. நிசமாவே தெரியல மதினி. எனக்கென்னமோ பயமா இருக்கு."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்கள். பிறகு, வருகிற ஆடிக்கு உன்னை அழைக்க என்றைக்கு வருகிறோம் என்று கேட்டார்கள். நான் ஏதோ பதில் சொன்னேன். போனை வைத்த பிறகு விளக்கு முன்னாலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வந்து, "என்னவாம் மேலூர்ல?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். நீ சொல்கிற "நல்லாத்தான்மா இருக்கேன்" யாரிடம் கற்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இருக்கிற இடம் தெரியாது" என்பது என் பிறந்த வீட்டில் பெண்பிள்ளைக்குக் கொடுக்கிற பெரிய பட்டம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அப்பா அதைத்தான் சொன்னார், நானும் தலையைக் குனிந்துகொண்டு பூரித்துப்போனேன். அதே பட்டத்தை உனக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று இருபத்தைந்து வருஷம் பாடுபட்டிருக்கிறேன் பாப்பா. நகைக்குச் சீட்டுக் கட்டியதுபோல, மாதம் தவறாமல்.

குழல் வாங்கிய கதையை நான் உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. நிச்சயம் முடிந்த வாரத்தில், பாத்திரக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நீ கேட்டாய்: "எம்மா, நகையில கொஞ்சம் குறைச்சுக்கோ. எனக்கு நல்லதா ஒரு புல்லாங்குழல் வாங்கிக் குடு. ரொம்ப வெலை வேணாம், நடுத்தரமா. நானே கடைக்கு வந்து ஊதிப் பாத்து எடுக்குறேன்." உன் கல்யாணத்தில் நீயாக வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். சேலை நிறத்தைக்கூட என்னிடம் விட்டுவிட்டாய். நான் சரி என்றேன். ஆனால் இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று பத்திரிகை வைக்கிற அலைச்சலில் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் உனக்கு நலுங்கு வைத்தாகிவிட்டது. மஞ்சள் பூசிய பெண் வாசல் தாண்டக் கூடாது என்று உன்னை உட்காரவைத்துவிட்டு, உன் அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாத்தியக் கடை. உள்ளே நுழைந்ததும் எனக்கு மலைப்பாகிவிட்டது. குழல் என்றால் திருவிழாவில் பலூன்காரர் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி ஒரே சாமான் என்று நினைத்திருந்தேன். அங்கே சாண் நீளத்திலிருந்து முழங்கையைத் தாண்டுகிற நீளம்வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். மூங்கிலில் இருந்தது, கடைந்தெடுத்த மரத்தில் இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் பொத்தான் பொத்தானாக வைத்த வெள்ளைக்காரர் குழல்கூட இருந்தது. அதன் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு உன் அத்தை, "இதுக்கு ஒரு வண்டி வாங்கி ஓட்டலாம்" என்றாள். கருங்காலி மரத்தில் ஒரு குழல் பளபளவென்று கிடந்தது. ஊரெல்லாம் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிற காலமல்லவா, எனக்கும் ஆசை வந்தது. கடைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே, "அது கண்ணுபடாம இருக்க வாங்குறது அக்கா. பாட்டுக்கு வேணும்னா மூங்கிலப் பாருங்க" என்றார். சரி, பட்ஜெட்டுக்கும் மூங்கில்தான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"எந்தச் சுருதி?" என்று கேட்டார். நான் முழித்தேன்.

"யாருக்கு வாங்குறீக?"

"மகளுக்கு. கல்யாணம். சீர்ல வைக்க."

"பாடுற சுருதி என்ன, ஏற்கெனவே வாசிக்கிற குழலு எம்புட்டு நீளம், எதுவும் தெரியுமா?"

எதுவும் தெரியாது. மேலூர்க்காரர்கள் பெரிய குடும்பம், சத்தமான மனிதர்கள், மருமகள் வந்ததும் வராததுமாகக் குழலை எடுத்து ஊதினால் என்ன நினைப்பார்களோ என்ற ஒரு யோசனைதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்: "சத்தம் கம்மியா இருக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க."

அந்த மனிதர் அப்போதுதான் போனைக் கீழே வைத்தார். "அக்கா, சத்தம் கம்மியா வேணும்னா பாத்திரக் கடையில அடுப்பு ஊதுற குழலு இருக்கும். வெலையும் கம்மி." உன் அத்தை சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வீம்பாக, "இல்ல, இருக்கிறதுலயே மெல்லமாக் கேக்குறதக் குடுங்க" என்றேன். அவரும் வியாபாரி. தோளைக் குலுக்கிவிட்டு, இருந்ததில் நீளமான ஒன்றை எடுத்து ஊதிக்காட்டினார். நீளம் கூடக்கூடச் சத்தம் கீழே இறங்கி அமுங்கிவிடுமாம். தூரத்தில் மாடு கத்துகிற மாதிரி அடக்கமாக இருந்தது. அடக்கம் என்ற ஒன்று போதாதா எனக்கு? விலையும் மூவாயிரத்துக்குள் அடங்கியது. உறையில் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தாம்பாளத்தில் வைக்கும்போது உன் அத்தை ஆரம்பித்தாள். "ஊதுற சாமான சீர்ல வைக்காத மதினி, வீட்டுக் காசெல்லாம் ஊதிப் போயிரும்." அதை நானும் நம்புகிறவள்தான். நம் வீட்டு அலமாரியில் வெண்ணெய் தின்கிற கண்ணன்தான் இருக்கிறான், குழல் ஊதுகிற கண்ணன் இல்லை. கல்யாணமான புதிதில் யாரோ பரிசாகக் கொடுத்த படத்தை அப்படியே கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சாமியையே ஊதாதே என்று சொன்ன வீடு இது. ஆனாலும் அன்றைக்கு அத்தையை எதிர்த்து, குழலைத் தாம்பாளத்தில் வைத்தேன். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. மகள் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று.

நீ உறையைப் பிரித்தாய். உன் முகம் மலர்ந்தது. குழலை வாயருகில் கொண்டுபோய் விரல்களை ஒவ்வொன்றாகத் துளைகளில் வைத்தாய். இடது கை உட்கார்ந்தது. வலது கையில் மோதிரவிரல் துளையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. நீ மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாய், விரலை நீட்டிப் பார்த்தாய். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றாய்.

நான் அதைக் கவனிக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பார்த்தேன் பாப்பா. அந்த விரல் எட்டவில்லை என்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அடுத்த தாம்பாளத்துக்குத் தேங்காய் எடுக்கத் திரும்பிக்கொண்டேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கிறபோது கடைக்குத் திரும்பப் போக முடியாது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உன் மாமியார் மாடியில் கேட்ட அந்தப் புஸ்ஸு புஸ்ஸு, மூடாத துளைவழியாகப் போகிற காற்று. உனக்குச் சளியும் இல்லை, வீசிங்கும் இல்லை. எட்டாத குழலை எட்டுகிற மாதிரி நீ பிடித்துக்கொண்டு நிற்கிறாய், அம்மா வாங்கிக் கொடுத்தது என்பதற்காக.

இதைவிடப் பழைய ஒன்றும் இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் குழல் கற்றுக்கொண்டு வந்தபோது, கோச்சடையில் நாம் அந்தக் காம்பவுண்டு வீட்டில் இருந்தோம். ஒரு நடையைச் சுற்றி ஆறு குடும்பம். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் இன்னொரு வீட்டில் தும்முவார்கள். உன் அப்பா மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குவார். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து குழலை எடுப்பாய். நான் அடுப்படியிலிருந்தே, "மெல்ல" என்பேன். நீ மெல்ல ஊதுவாய். "இன்னும் மெல்லடி, அப்பா தூங்குறாருல்ல" என்பேன். கதவு இடுக்கில் துண்டைச் சொருகிவிட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஊதுவாய். மூச்சை முழுசாக விடாமல், பாதியை உள்ளேயே வைத்துக்கொண்டு ஊதுகிற ஒரு வித்தையை நீயாகவே கற்றுக்கொண்டாய். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னிடம், "உங்க பிள்ளை குழலு வாசிக்குதாம்ல, கேட்டதே இல்லையே?" என்றாள். நான் அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆண்டுவிழா உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மறந்திருந்தால் நல்லது என்று பலமுறை வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பாவுக்கு அன்றைக்கு ஷிப்ட், நான் மட்டும் வந்தேன். முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு மேடையில் தனியாக நின்று நீ ஊத ஆரம்பித்தாய். மைக் வைத்திருந்தும் பின்னால் கேட்கவில்லை. பின்வரிசைப் பையன்கள் "சத்தமா! சத்தமா!" என்று கத்தினார்கள். உங்கள் பாட்டு டீச்சர் ஓடிவந்து மைக்கை உன் வாய்க்குக் கிட்டே திருப்பினார், "நல்லா ஊதுத்தா, பயப்படாத" என்றார். நீ ஊதுவதை நிறுத்தாமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைத் தேடினாய். ஊதட்டுமா என்று கேட்கிற பார்வை. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசித்துச் செய்யவில்லை, கை தன்னால் எழுந்தது. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, தினம் அடுப்படியிலிருந்து காட்டுகிற அதே சைகையைக் காட்டினேன். மெல்ல.

நீ மெல்லவே ஊதி முடித்தாய். பின்னால் சிரிப்பு. கைதட்டல் மரியாதைக்கு விழுந்தது. பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாய். நான், "நல்லா அடக்கமா வாசிச்ச" என்று உனக்குப் பூ வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் டீச்சர் கேட்டபோது மேடைக்கு வரமாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாயாம். உனக்குக் கூச்சம் என்று நானே நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். அது கூச்சமில்லை, என் கை.

போன வாரம் உன் மாமியார் பேசிய பிறகு, ரெண்டு நாள் கழித்து உன் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உங்க தூக்கம் கெட்டுரும்னுதான அவள மெல்ல ஊதச் சொன்னேன்" என்றேன்.

"என் தூக்கமா? நான் எப்பச் சொன்னேன் உன்கிட்ட?"

"நீங்க சொல்லல. நானாத்தான்."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "ஏத்தா, இருபது வருசம் ஸ்பின்னிங்ல நின்ன காது இது. மிசின் ஓடுற சத்தத்துலதான் எனக்குக் கண்ணே சொக்கும். வீட்ல அமைதியா இருந்தாத்தான் தூக்கம் வராமப் பெரண்டுக்கிட்டுக் கெடப்பேன். பக்கத்துல வேட்டுப் போட்டாலும் எந்திரிக்க மாட்டேன், பிள்ளை குழலு ஊதியா எந்திரிப்பேன்?" ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவரே சொன்னார்: "இப்ப அவ நல்லா ஊதுனாக்கூட எனக்குப் பாதிதான் கேக்கும். அன்னைக்கே ஊத விட்டிருந்தா முழுசாக் கேட்டிருப்பேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ரசம் ஊற்றச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. யாருடைய தூக்கத்துக்காக உன் மூச்சைப் பாதியாக்கினேனோ, அவருக்கு அது தேவையே படவில்லை. எந்த மாமியாருக்குப் பயந்து அமுங்கின குழலாகத் தேடி வாங்கினேனோ, அந்த அம்மாள் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். யாருமே கேட்காத ஓர் அமைதியை நான் இவ்வளவு காலம் காவல் காத்திருக்கிறேன். வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு பாப்பா. எது வந்தாலும் முதலில் அதைச் செலவுப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். பாலையும் எண்ணெயையும்போல உன் சத்தத்தையும் நான் செலவாகவே பார்த்துவிட்டேன். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு சிக்கனம் என்று.

சரி, குழலை மாற்றியாவது கொடுத்துவிடுவோம் என்று கிளம்பினேன். பள்ளிக்கூடத்தில் நீ வாசித்த பழைய குழலின் அளவு இருந்தால் போதும், அதே மாதிரி ஒன்று எடுத்துவிடலாம். அந்தக் குழல் எங்கே? அதையும் நான் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அது அடியில் விரிசல் விட்டு, நீ நூல் சுற்றி வைத்திருந்தாயல்லவா. விரிசல் விட்ட சாமான் கல்யாண வீட்டில் ஆகாது என்று, பந்தக்கால் ஊன்றுவதற்கு முந்தின நாள், கண்ணாடி உடைந்த சாமி படங்களோடு சேர்த்து, கோயில் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். குப்பையில் போடவில்லை, கண்ணன் கைச் சாமான் என்று மரியாதையாகத்தான் வைத்தேன். நீ பெட்டி அடுக்கும்போது அலமாரியில் தேடினாய். "எங்கயாச்சும் இருக்கும்" என்றேன். இப்போது மரத்தடிக்கு ஓடினேன். படங்கள் அப்படியே இருந்தன, துணி கட்டின தொட்டில்கள் இருந்தன, குழல் இல்லை. எந்தப் பிள்ளையாவது எடுத்துப் போயிருக்கும். நன்றாகச் சத்தம்போட்டு ஊதட்டும்.

பிறகு போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். குழல் எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் சமையலையும் ஸ்தோத்திரத்தையும் எப்படிக் கற்றேனோ அப்படித்தான் இதையும் கற்றேன், நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் போட்டு. முதலில் கையாம், பிறகுதான் காதாம். விரலை நீட்டி இழுக்காமல், சோம்பலாக வைத்தாலே எல்லாத் துளையும் மூட வேண்டும். பொத்தான் இல்லாத குழலில் விரல்தான் மூடி, வேறு உதவி கிடையாது. அப்புறம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மயிரிழை விரிசல் ஓடுகிறதா பார்க்க வேண்டும். ஊதுகிற துளையின் விளிம்பு சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும், பிசிறு இருந்தால் காற்று சிதறும். போனில் சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, கீழ்ச் சத்தமும் மேல் சத்தமும் அதோடு சேர்கிறதா என்று கேட்க வேண்டும். மேலே பூசின வார்னிஷைப் பார்த்தோ சுற்றின பட்டு நூலைப் பார்த்தோ மயங்கக் கூடாது. ரொம்ப மலிவானது பொம்மை. ரொம்ப விலையானது கச்சேரிக்காரர்களுக்கு. நடுவில் உள்ளதில் நாலைந்தை ஊதிப் பார்த்தால் ஒன்று கட்டாயம் நன்றாக இருக்கும், ஒரே விலையிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு என்கிறார்கள். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்வது, காகத்துக்குக் கரையக் கற்றுக்கொடுப்பது மாதிரி. உனக்கு இதெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். உன்னிடம் கேட்காத ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

இந்தப் புத்தியோடு மறுபடி கடைக்குப் போனேன், இந்த முறை தனியாக. அதே மனிதர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். "என்னக்கா, அடுப்பு நல்லா எரியுதா?" என்றார். பட வேண்டியதுதான் என்று பொறுத்துக்கொண்டேன். "நல்லாச் சத்தமாக் கேக்குறது வேணும், சின்ன விரலுக்கு எட்டுறதா" என்றேன். நாலைந்து எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளைக்கு விரலு எம்புட்டு எட்டும்?"

நான் யோசித்தேன். பையைத் துழாவினேன், உன் பழைய கண்ணாடி வளையல் ஒன்று கிடந்தது, அதை எடுத்துக் காட்டினேன். "கை இந்த அளவுதான் தம்பி."

"யக்கா, வளையலா வாங்க வந்தீக? இது மணிக்கட்டு. நான் விரலக் கேக்குறேன்."

உன் வளையல் அளவு எனக்குத் தெரியும். மோதிர அளவு தெரியும், செருப்பு அளவு, ஜாக்கெட் அளவு, நீ எத்தனை தோசை சாப்பிடுவாய் என்பது தெரியும். உன்மேல் எதைப் போட வேண்டுமோ, அதற்கெல்லாம் அளவு வைத்திருந்தேன். உன் விரல் எவ்வளவு தூரம் எட்டும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அடுக்கி வைத்த குழல்களை அப்படியே விட்டுவிட்டு, "மகளைக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். வாங்காமல் வந்ததற்கு அந்த மனிதர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும்.

பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது யோசித்தேன், அந்த நாலைந்தில் ஒன்றை எடுத்து உனக்கு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று. அதுவும் எட்டாமல் போனாலும் நீ "நல்லா இருக்கும்மா" என்றுதான் சொல்லியிருப்பாய். நானும் தேங்காய் எடுக்கத் திரும்பியிருப்பேன். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உனக்குப் புத்தி சொல்லி எழுதுகிற தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை, கேட்கத்தான் முடியும். எட்டவில்லை என்றால் எட்டவில்லை என்று சொல். என்னிடம் முதலில் சொல்லிப் பழகு. நான் முகத்தைச் சுளித்தாலும் சொல். உன் புகுந்த வீட்டில் எல்லோரும் கத்திப் பேசுகிறவர்கள் என்று உன் மாமியார் சொன்னபோது நான் பயந்தேன். இப்போது யோசித்தால், உன்னைக் கொடுத்த இடம் நல்ல இடம் என்று தோன்றுகிறது. அங்கே நீ குரலை உயர்த்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் உன்னை அழைக்க நானும் அப்பாவும் வருகிறோம். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். அந்த நீளக் குழலையும் எடுத்துக்கொண்டு வா. கொடுத்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் சொல்கிறார், மீதிக்கு நான் எடுத்து வைத்திருக்கிறேன். எவ்வளவு என்று கேட்காதே, நடுத்தரமாக ஒன்று வாங்கக் காணும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராகக் கடைக்குப் போவோம், வீட்டுக்குக்கூடப் பிறகு போகலாம். அத்தையைக் கூப்பிடவில்லை.

கடைக்குள் நீயும் அப்பாவும் மட்டும் போங்கள். விரலை வைத்துப் பார், ஊதிப் பார், வேண்டாததைத் தள்ளு. எத்தனை நேரம் ஆனாலும் சரி. கடைக்காரர் கேலி பேசினால் நீயும் பேசு. நான் உள்ளே வரமாட்டேன். என் கையை நம்ப எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். நடுவில் ஆட்டோ போகும், பஸ் போகும், எல்லாரும் ஹாரனில் கையை வைத்தபடியேதான் போவார்கள். நீ வாசலுக்கு வந்து என்னைப் பார்த்து ஊது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், எந்தச் சைகையும் வராது. அத்தனையையும் தாண்டி எது எனக்குக் கேட்கிறதோ, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அம்மா